பொதுமக்கள் ஐசக்

சாத்தனேரி பேரூராட்சி அலுவலகத்துக்கு ஐசக் போனது ஒரு மனு கொடுக்கத்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது, செயல் அலுவலர் தினகரன் நாற்காலியை விட்டே எழுந்து, "வந்துட்டாங்க. பொதுமக்கள் வந்துட்டாங்க" என்றார்.

ஐசக் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு தண்ணீர் கேன்தான் இருந்தது.

"உங்களத்தான் சொல்றேன். உள்ள வாங்க, உக்காருங்க."

முப்பது வருஷமாகக் கொத்தனார் வேலை செய்கிற ஐசக், இந்த அலுவலகத்துக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார். இதன் கழிவறைக்கு டைல்ஸ் ஒட்டியதே அவர்தான். ஆனால் ஒருவரும் உட்காரச் சொன்னதில்லை. அதனால் அவருக்கு முதலில் பயம்தான் வந்தது.

விஷயம் இதுதான். ஒவ்வோர் ஊரும் தனக்கு அவசரமாக வேண்டிய பத்துக் கோரிக்கைகளை வரிசைப்படுத்தித் தர வேண்டும், தொகுதி எம்.எல்.ஏ. அவற்றைச் சட்டமன்றத்தில் எழுப்புவார் என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. வரிசைப்படுத்துவது எப்படி என்று நாற்பது பக்கத்துக்கு ஒரு வழிகாட்டியும் வந்திருந்தது. அதன் பதினேழாம் பக்கத்தில், 'பொதுமக்கள் பங்கேற்பு கட்டாயம். புகைப்படம் இணைக்கவும்' என்று கண்டிருந்தது. தினகரன் ஏற்பாடு செய்து வைத்திருந்த பொதுமக்கள் இரண்டு பேரும் அன்று ஆரணிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஐசக் வந்து சேர்ந்தார்.

அவரை மன்றக் கூடத்துக்கு அழைத்துப் போய்ப் படம் எடுத்தார்கள். படத்தில் பொதுமக்கள் கொஞ்சம் குறைவாகத் தெரிந்ததால், நாலு நாற்காலிகளில் மாறி மாறி உட்கார வைத்து நாலு படம் எடுத்தார்கள். ஒரு படத்துக்கு மட்டும் துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

பிறகு கூட்டம் தொடங்கியது. பேரூராட்சித் தலைவர் சுலோச்சனா. கையெழுத்துப் போடும் நேரம் தவிர மற்ற நேரங்களில் அவருடைய கணவர் பச்சமுத்துதான் தலைவர். சுலோச்சனா பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பச்சமுத்து மைக்கைப் பிடித்தார்.

"ஆயிரம் வருசத்துக்கு முன்னாலயே குடத்துல ஓலைய போட்டு ஆள தேர்ந்தெடுத்த மண்ணு நம்ம மண்ணு. உத்திரமேரூர்ல கல்லுல வெட்டி வெச்சிகீறாங்க, யார் ஓணா போய்ப் பாக்கலாம். தப்பு பண்ணவன் நிக்கக் கூடாது, அவன் சொந்தக்காரன் நிக்கக் கூடாதுன்னு அன்னிக்கே சட்டம் போட்டாங்க. அந்த நெறி தவறாம, என் சம்சாரம் தலைவரா, என் மச்சான் துணைத் தலைவரா, நான் ஆலோசகரா இந்த ஊருக்கு சேவ பண்ணிக்கினு வரோம்."

கைதட்டல் முடிந்ததும் தினகரன் பேசினார். "முன்னுரிமைன்னா எதை முதல்ல செய்யறதுன்னு பல பேர் தப்பா நினைச்சுக்கிட்டு இருக்காங்க. எதை முதல்ல செய்யப் போறோம்னு சொல்றதுதான் முன்னுரிமை. செய்யறது வேற துறை."

பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். ஐசக் எழுந்து மனுவைப் பிரித்தார். மூன்றே வரி. ஏரி நிரம்பினால், உபரிநீர் வெளியேறும் கலங்கலில் வழிந்து வரும் தண்ணீர் ஓடையாக ஓடிச் செய்யாற்றுக்குப் போகும். ஓடைக்கு அந்தப் பக்கம் ஐசக்கின் காலனி, நாற்பத்தாறு வீடுகள். இந்தப் பக்கம் தார்ரோடு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, உத்திரமேரூர் பஸ். கார்த்திகை வந்தால் ஓடையில் இடுப்பளவுக்குக் குறையாமல் தண்ணீர் போகும்.

"எம் பொண்ணு சோபியா தலைப்பிரசவத்துக்கு வந்துகீது சார். கார்த்திகைல நாள் சொல்லிகீறாங்க. அதுக்குள்ள சின்னதா ஒரு பாலம் போட்டுக் குடுத்தீங்கன்னா போதும். மூணு பைப்பு வெச்சி மேல காங்கிரீட்டு. நாலு நாள் வேல. நானே செய்வேன்."

தினகரன் கையை உயர்த்தினார். "அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க."

"எந்த வார்த்த சார்?"

"பாலம். பாலம்னு சொன்னா நெடுஞ்சாலைத் துறை. ஓடைன்னு சொன்னா நீர்வளத் துறை. உங்க காலனிக்குப் போற ரோடு ஒன்றியத்தோடது. மூணையும் ஒரே மனுவுல எழுதிட்டீங்க. இதை வாங்கறதுக்கு இந்த மாநிலத்துல அதிகாரியே கிடையாது."

"அப்ப இன்னான்னு எழுதணும் சார்?"

தினகரன் விட்டத்தைப் பார்த்து யோசித்தார். அவருக்கு இந்த வேலையில் உண்மையான ஈடுபாடு இருந்தது. பத்து நிமிடம் கழித்து, 'இரு நிலப்பகுதிகளுக்கிடையே பருவகால நடமாட்டத் தொடர்ச்சி' என்று தன் கைப்பட எழுதினார். எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பரிமளா கேட்டாள். "இன்னா சொன்னாங்க?"

"எழுதிக்கினாங்க."

"பாலம்னா எழுதிக்கினாங்க?"

"பாலம்னு எழுதல. அத்த விட பெருசா இன்னமோ எழுதிகீறாங்க" என்றார் ஐசக். அன்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த கூட்டம் ஐப்பசி முதல் வாரம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. அதற்குள் நூற்று நாற்பத்தேழு கோரிக்கைகள் சேர்ந்திருந்தன. அவற்றைத் தரம் பிரிக்கச் சென்னையிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனம் பூஜா என்ற பெண்ணை அனுப்பியிருந்தது. சுவர் முழுக்க வெள்ளைத் தாள் ஒட்டி, கோரிக்கைகளை அதில் எழுதி, எல்லோர் கையிலும் ஒட்டும் பொட்டுகளைக் கொடுத்தாள். யாருக்கு எது முக்கியமோ அதன்மேல் பொட்டை ஒட்ட வேண்டும்.

பூஜா சிரித்த முகத்தோடு ஐசக்கிடம் வந்தாள். "சார், உங்க பெயின் பாயிண்ட் என்ன?"

"பெயின் இன்னும் வரலமா. கார்த்திகைலதான் வரும்னு டாக்டரம்மா சொல்லிகீறாங்க."

பூஜா அதைக் குறித்துக்கொண்டாள்.

பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று பொட்டுகள். கவுன்சிலர்களுக்குப் பத்து. தலைவருக்கு முப்பது. ஆலோசகருக்கும் முப்பது. "இது எப்படிம்மா?" என்று ஐசக் கேட்டதற்கு, "வெயிட்டேஜ் சார். ரொம்ப அறிவியல்பூர்வமான முறை" என்றாள். ஐசக் தன்னுடைய மூன்றையும் நடமாட்டத் தொடர்ச்சியின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டார். சுவரில் டைல்ஸ் ஒட்டும்போது செய்வது போல ஓரத்தைத் தட்டியும் பார்த்தார்.

முதலிடம் பிடித்தது 'முன்னுரிமை மாளிகை'. அதாவது, முன்னுரிமைகளைத் தீர்மானிக்கும் கூட்டங்களை நடத்துவதற்குக் குளிர்சாதன வசதியோடு ஓர் அரங்கம். பச்சமுத்து அதை விளக்கினார். "எத்த மொதல்ல செய்யறதுன்னு பேச நமக்கு ஒரு நல்ல எடம் இல்ல. எடம் இல்லாம எப்டி பேசறது? பேசாம எப்டி செய்யறது? அதனால எல்லாத்துக்கும் மொதல்ல அதுதான்."

இரண்டாவது, ஊர் எல்லையில் வரவேற்பு வளைவு. மூன்றாவது, வளைவில் எம்.எல்.ஏ. பெயர் எழுத விளக்குப் பலகை. இப்படி ஒன்பது இடங்கள் நிரம்பின. பத்தாவது இடத்துக்கு, தலா மூன்று பொட்டுகளோடு பதினொரு கோரிக்கைகள் சமமாக நின்றன. அதில் ஐசக்கினுடையதும் ஒன்று.

"குடவோலை" என்றார் பச்சமுத்து. "நம்ம பாட்டன் காட்டின வழி கீது. எம்.எல்.ஏ. முன்னால வெச்சி குடத்துல போட்டு எடுத்துடுவோம்."

பழைய முறைப்படி சீட்டெடுக்க ஒரு சின்னப் பையன் வேண்டும். ஆனால் பையனை வைத்து எடுத்தால் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை வருமோ என்று தினகரனுக்குச் சந்தேகம். எனவே சீட்டைப் பொதுமக்களே எடுப்பது என்று முடிவானது. பொதுமக்கள் என்றால் ஐசக்.

எம்.எல்.ஏ.வின் தேதி கிடைக்கக் கார்த்திகை பிறந்துவிட்டது. அதற்குமுன் ஒத்திகை மூன்று முறை நடந்தது. மூன்றுக்கும் ஐசக் பழையசீவரத்தில் தான் பார்த்துக்கொண்டிருந்த வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்தார். ஒத்திகையில் எவர்சில்வர் குடம். விழாவுக்கென்று செய்யச் சொன்ன மண்குடம் அன்று காலையில்தான் வந்தது. பார்க்க அழகாக, கழுத்து குறுகலாக, பழங்காலத்துக் குடம் போலவே இருந்தது. ஓலையில் எழுதத் தெரிந்தவர் யாரும் கிடைக்காததால், கோரிக்கைகளைக் கணினியில் அச்சடித்து ஓலை நறுக்குகளின் மேல் ஒட்டியிருந்தார்கள்.

ஆறு நாள் மழைக்குப் பிறகு அன்றுதான் வெளிறிய வெயில் அடித்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியத் தொடங்கியிருந்தது. காலையில் ஐசக் ஓடையைக் கடந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியது. மேடையில் பெயர் சொல்லி அழைத்ததும் அவர் எழுந்து போய், கண்ணை மூடி ஒரு கணம் ஜெபித்துவிட்டு, வலது கையைக் குடத்துக்குள் விட்டார்.

கொத்தனார் கை. விரல்களோடு நின்றுவிட்டது. பச்சமுத்து முழங்கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். கை உள்ளே போனது. விரல்கள் ஓலைகளைத் துழாவின. எல்லா ஓலைகளும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஒன்றைப் பிடித்தார். கையை இழுத்தார். வரவில்லை.

"சீட்ட விட்டுட்டு எடுங்க" என்று தினகரன் காதில் சொன்னார். விட்டுவிட்டு இழுத்தும் வரவில்லை. தேங்காயெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார்கள். கை வீங்க ஆரம்பித்திருந்தது.

"ஒட்சிடலாம் சார்" என்றார் ஐசக்.

பச்சமுத்துவின் முகம் மாறியது. "எம்.எல்.ஏ. முன்னால பானைய ஒடைக்கறதா? அது எந்த எடத்துல ஒடைக்கறதுன்னு உனக்குத் தெரியாதா? அபசகுனம். பேசாம உக்காரு. அவரு பேசி முடிச்சி கெளம்பட்டும், அப்பால பாத்துக்கலாம்."

ஐசக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தார். எம்.எல்.ஏ. பேசினார். "உங்கள் முன்னுரிமைதான் என் முன்னுரிமை. அவை என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவற்றை நான் விட மாட்டேன்." கூட்டம் கைதட்டியது. கைதட்ட முடியாத ஒரே ஆள் ஐசக். அடுத்து மாவட்டம் பேசியது, ஒன்றியம் பேசியது, துணைத் தலைவர் மச்சான் பேசினார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சட்டைப் பையில் கைபேசி அடித்தபோது இடது கையால் எடுத்தார்.

பரிமளா. "சோபியாவுக்கு வலி வந்துச்சி. தண்ணி இடுப்புக்கு மேல வந்துகினு கீது. நூத்தெட்டு அந்தாண்ட ரோட்லயே நின்னுகினு கீது. நீ எங்க கீற?"

ஐசக் எழுந்தார். "உக்காருய்யா" என்று பச்சமுத்து பல்லைக் கடித்தார். ஐசக் மேடையை விட்டு இறங்கி, குடத்தோடு நடந்தார். குடத்தை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. ரோட்டுக்கு வந்ததும் ஓடினார். ஒரு கை குடமாக ஓடுகிற மனிதரைப் பார்த்து உத்திரமேரூர் பஸ்ஸே ஒதுங்கி வழிவிட்டது.

ஓடைக் கரையில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து நாலு பேர் சோபியாவைக் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தார்கள். பாதி ஓடையில் தலைமாட்டுப் பக்கம் பிடித்திருந்த பக்கத்து வீட்டு வீராசாமிக்குக் கால் வழுக்கியது. கட்டில் சாய்ந்தது. சோபியா சத்தம் போடவில்லை. சட்டத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, "நைனா" என்று மட்டும் சொன்னாள்.

கரையில், 'நடமாட்டத் தொடர்ச்சி - முன்மொழியப்பட்ட இடம்' என்று பேரூராட்சி போன வாரம் நட்டிருந்த இரும்புப் பலகை இருந்தது. ஐசக் குடத்தை அதன்மேல் ஓங்கி அடித்தார். மூன்றாவது அடியில் உடைந்தது. ஓலைகள் தண்ணீரில் விழுந்து செய்யாற்றுப் பக்கம் போயின. மணிக்கட்டில் ரத்தம் வழிய, நெஞ்சளவு தண்ணீரில் இறங்கிப் போய்க் கட்டிலின் அந்தக் காலைப் பிடித்தார். அதற்குப் பிறகு கட்டில் ஆடவில்லை.

ஆம்புலன்ஸ் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து இருபது நிமிடத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். ஐசக்குக்குக் கையில் ஆறு தையல்.

சீட்டுகள் ஓடையில் போனதால் பத்தாவது முன்னுரிமை என்ன ஆனது என்று யாரும் கவலைப்படவில்லை. நடமாட்டத் தொடர்ச்சியைப் பத்தாவதாகப் போட்டுப் பட்டியல் முந்தின வாரமே தட்டச்சாகிச் சென்னைக்குப் போய்விட்டிருந்தது.

நான்கு நாள் கழித்துத் தண்ணீர் கொஞ்சம் இறங்கியபோது, சுலோச்சனா தனியாக ஓடைக் கரைக்கு வந்தார். அவர் இந்தப் பக்கம் வந்து காலனியில் யாரும் பார்த்ததில்லை. கைப்பையிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துப் பரிமளாவிடம் கொடுத்துவிட்டு, ஐசக்கைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பஸ் ஸ்டாண்டு பின்னால புல்லு மொளச்சி அஞ்சு சிமெண்ட்டு பைப்பு கெடக்குது, பாத்துகீறியா?"

"பாத்துகீறேன்மா. ஆறு வருசமா கெடக்குது. யாருதுன்னு தெரியாது."

"நான் தலைவரா வந்து கையெழுத்துப் போட்ட எந்தப் பேப்பர்லயும் அந்தப் பைப்பு இல்ல. எல்லாத்தயும் படிச்சிட்டுதான் போட்டேன். அவருக்குத் தெரியாது நான் படிக்கறேன்னு." கைப்பையை மூடினார். "கை எப்டி கீது?"

"பரவால்லமா."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் காலனியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பைப்புகளை உருட்டிக்கொண்டு வந்தது. ஐசக்கின் வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால், அவர் கரையில் நின்று வாயால் வேலை வாங்கினார். மணல் மூட்டை அடுக்கி, தண்ணீரை ஒரு பக்கம் திருப்பி, பைப்புகளை இறக்கி, மேலே காங்கிரீட் போட்டார்கள். நாலு நாள் என்று அவர் சொன்னது தப்பு. ஐந்து நாள் ஆனது.

தை மாதத்தில் ஐசக்குக்கு ஒரே நாளில் பேரூராட்சியிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதம், நீர்வழிப் பாதையில் அனுமதியின்றிக் கட்டியிருக்கும் ஆக்கிரமிப்பை ஏழு நாட்களுக்குள் அகற்றச் சொன்னது. இரண்டாவது, பருவகால நடமாட்டத் தொடர்ச்சி வெற்றிகரமாக நிறைவேறியிருப்பதாகவும், ஊரின் பத்து முன்னுரிமைகளில் முதலில் முடிந்தது அதுவே என்பதால் திறப்பு விழாவுக்கு எம்.எல்.ஏ. இசைந்திருப்பதாகவும் சொன்னது. பொதுமக்கள் தவறாமல் கலந்துகொள்ள வேண்டுமாம்.

ஐசக் இரண்டையும் எடுத்துக்கொண்டு தினகரனிடம் போனார். தினகரன் இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் என் கையெழுத்துதான்."

"தெரியுது சார். இதுல நான் எத்த செய்யறது? இடிக்கறதா, தெறக்கறதா?"

"எதுக்கு முன்னுரிமைன்னு நான் தனியா சொல்ல முடியாது. மன்றம் கூடித்தான் முடிவு பண்ணணும். பொதுமக்கள் பங்கேற்போட."

"அது வரிக்கும்?"

"முடிவாகற வரைக்கும் இப்ப இருக்கற நிலையே தொடரணும். யாரும் கை வைக்கக் கூடாது. நீங்களும் சரி, நாங்களும் சரி. வழிகாட்டி இருபத்தொன்பதாம் பக்கம்."

ஐசக் இரண்டு கடிதங்களையும் மறுபடி வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சார், இது பெரிய விசயம்" என்றார். "அவசரப்பட்டு முடிவு பண்ணிடாதீங்க. மொதல்ல கருத்துக் கேட்கற கூட்டம் ஒண்ணு வெய்யுங்க. அப்பால அந்தச் சென்ன மேடத்த வரச் சொல்லி பொட்டு ஒட்டிப் பாக்கலாம். மாளிகை கட்டி முடிச்சப்பறம் அதுக்குள்ளயே வெச்சி பேசினாக்கூட நல்லதுதான். எத்தினி கூட்டம் ஓணா போடுங்க. ஒண்ணு வுடாம நான் வரேன்."

தினகரன் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். தன் சர்வீஸில் நடைமுறையை இந்த அளவுக்கு மதிக்கிற பொதுமக்களை அவர் சந்தித்ததில்லை. சந்தோஷமாக ஒரு புதிய கோப்பு திறந்தார்.

ஐசக் வெளியே வந்து வண்டியை எடுத்தார். அன்று பேத்திக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள். அவர் ஓடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, பரிமளா குடை பிடித்துக்கொண்டு வர, சோபியா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தின்மேல் நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தாள்.